அக்காவின் வாய்மொழி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். புது ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, சளி பிடிக்கிறதா, அறைக்குள் வெயில் வருகிறதா, எல்லாவற்றையும் விவரமாக எழுது.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் போனில் முகம் பார்த்துப் பேச முடியாது. என் போனின் கேமரா கெட்டுப்போய்விட்டது. பழுது பார்க்கக் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. குறுஞ்செய்தி என்றால் நீ 'சரி', 'ஆச்சு' என்பதற்கு மேல் எழுத மாட்டாய். அதனால் கடிதம்தான். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி விடுதியில் நீ இருந்தபோது வாராவாரம் எழுதினேனே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்.

அருங்காட்சியகத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் நின்று அதே கதையைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசல் காவலர் இப்போது என்னைத் 'திமிங்கல மேடம்' என்றே கூப்பிடுகிறார். உருவத்தை வைத்துச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

ஒரு சந்தேகம். நீ பல் செய்கிற தொழிலில் இருப்பதால் கேட்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழிக்குக் காலையில் எழுந்தால் வாய் சரியாகத் திறக்கவில்லை. வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் வலி. அதுவே நாளெல்லாம் இருக்கிறது. தூங்கும்போது பல்லில் ஒரு தகடு மாட்டிக்கொள்ளச் சொல்கிறாராம் பல் டாக்டர். அதனால் பலன் உண்டா? உனக்குத் தெரிந்ததை எழுது. அவள் பாவம், ரொம்பப் பேசுகிறவள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அறையில் வெயில் வருகிறது, கூடவே பக்கத்து வீட்டுப் பூனையும் வருகிறது. அத்தானுக்கு முதுகுவலி குறைந்ததா? லிஃப்ட் பழுது பார்க்கிறேன் என்று குழிக்குள் குனிந்தே இருந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும் என்று நான் கேட்டதாகச் சொல்.

பட்டறை பெரியது. செயற்கைப் பல்லைத் தேய்க்கிற இயந்திரங்களின் இரைச்சலில் எல்லோருக்கும் தலைவலி, என் ஒருவனைத் தவிர. முதல் வாரமே எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது என் காதுதான். மேலாளர்தான் பெரிய சிக்கல். அவர் மீசைக்குள் பேசுகிறார். உதடு தெரிவதே இல்லை. எழுதிக் காட்டச் சொன்னால் கையெழுத்து மீசையைவிட மோசம். இங்கே யார் வாயைப் பார்த்தாலும் பாதிதான் பிடிபடுகிறது. நீ பேசினால்தான் எனக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாது. கேமராவைச் சீக்கிரம் சரிசெய்.

உன் தோழிக்குத் தகடு பலன் தரும், பொருத்தமாகச் செய்தால். மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டுக்கும் டாக்டரிடம் அச்சு எடுத்து, பாரிஸ் சாந்தில் வார்த்து அனுப்பச் சொல். நானே செய்து தருகிறேன். அக்காவின் தோழி என்றால் எனக்கும் அக்கா மாதிரிதானே.

உன் நலம் கேட்டு எழுதும்
தம்பி

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

உன் அத்தானின் முதுகு தேவலாம். நான் நன்றாகவே இருக்கிறேன். பூனைக்குப் பால் வைத்துப் பழக்காதே, அப்புறம் அது உன்னை வாடகைக்கு வைத்த மாதிரி நடந்துகொள்ளும்.

தோழியின் அச்சுகளைப் பஞ்சில் சுற்றி இத்தோடு அனுப்பியிருக்கிறேன். படம் எடுத்துப் பார்த்ததில் அவளுக்குத் தாடை மூட்டில் வாதமாம். முழங்கால் தேய்வது போல அதுவும் தேயும் என்பது எனக்கே புதுச் செய்தி. நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்குமாம், அது கிழிந்து எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். கஞ்சியும் பிசைந்த சோறும்தான் சாப்பிடுகிறாள். கொட்டாவி வந்தால் கையால் தாடையைத் தாங்கிக்கொள்கிறாள். இது எங்கே கொண்டு போய் விடும்? உன் தொழிலில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறாயா?

அடுத்த மாத விடுமுறைக்கு நீ வர வேண்டாம். வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறோம். உட்காரக்கூட இடம் இருக்காது.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

அத்தானுக்கும் உனக்கும் என் அன்பு.

தகடு இத்துடன் வருகிறது. இரண்டு அச்சுகளையும் தாடைபோல மூடித் திறக்கும் கருவியில் மாட்டி, மெதுவாக அசைத்துப் பார்த்துத்தான் செய்தேன். உன் தோழியை இரவில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல். காலையில் வெதுவெதுப்பான துணியைக் காதோரம் ஒத்தடமாக வைக்கட்டும். இது வலியைத் தணிக்கும், கிழிந்ததைத் தைக்காது. பெரிய ஆஸ்பத்திரியில் தாடைக்கென்றே இருக்கும் அறுவை டாக்டரைப் பார்க்கட்டும். தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. அவளுக்கு மேல் வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்ட மாதிரி சாய்ந்திருக்கிறது. அந்தப் பல்லை எனக்குத் தெரியும் அக்கா. காய்ச்சலில் காது போன பிறகு, மூன்று வயதிலிருந்து, அதைப் பார்த்துத்தான் நான் பேச்சு கற்றுக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்த அன்று வேலை ஓடவில்லை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. தோழியே எழுதட்டும்.

தம்பி

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். உன் அத்தான், "பேசவும் மாட்டேங்குற, எழுதவும் மாட்டேங்குற, அவன் என்னத்தைத்தான் படிப்பான்?" என்று கேட்டுவிட்டார்.

தோழி நான்தான். வண்ணமும் அடிக்கவில்லை, கேமராவும் கெடவில்லை. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. உதட்டை அசைக்காமல் பல்லுக்குள்ளேயே பேசிப் பழகிவிட்டேன். உன் மேலாளரின் மீசை எனக்கு முளைத்த மாதிரிதான். போனில் நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புரியாமல், மறுபடி மறுபடி கேட்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. புது வேலையில் சேர்ந்தவன் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாய் என்ற பயம் வேறு.

அருங்காட்சியகத்தில் என்னைத் திமிங்கலத்திடமிருந்து பிரித்துவிட்டார்கள். பின்கட்டில் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர்ச் சீட்டு எழுதுகிறேன். அவை ஒன்றும் கேட்பதில்லை, நானும் ஒன்றும் சொல்வதில்லை.

நீ சொன்ன மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவை டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இரண்டு வழி சொன்னார். ஒன்று, மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த மூட்டு வைப்பது. பல காலமாகச் செய்வது, நம்பகமானது. இன்னொன்று புதிது. என் விலா எலும்பின் முனையிலிருந்து குருத்தெலும்பு கொஞ்சம் கிள்ளி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அதன் உயிரணுக்களைப் பெருக்கி, ஒரு மெல்லிய திசுவாக வளர்ப்பார்களாம். அதைக் கிழிந்த மெத்தையின் இடத்தில் வைத்துத் தைப்பார்களாம். என் எலும்பு அவ்வளவாகக் கெடவில்லை, அதனால் இது எனக்குப் பொருந்தலாம் என்கிறார். "ஆனா இதுவரைக்கும் கொஞ்ச பேருக்குத்தான் செஞ்சிருக்கோம். பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றும் மறைக்காமல் சொன்னார். திசு ஒட்டவில்லை என்றால் அப்போது உலோக மூட்டுக்குப் போகலாமாம். உன் அத்தான், கதவுக் கீலுக்குப் போடுவது போல எண்ணெய் போட வழி இல்லையா என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஊசி மூலம் அதையும் போட்டுப் பார்க்கிறார்களாம், ஆனால் எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டதாம்.

எந்த வழியானாலும் காதுக்கு முன்னால்தான் கீற வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. முகம் கொஞ்சம் மாறலாம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உலோகமா, திசுவா, ஒன்றுமே வேண்டாமா என்று. இருக்கிறபடியே இருந்தாலும் காலம் போய்விடாதா?

வெயிலில் தலையை மூடாமல் போகாதே.
அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். நலம் விசாரிப்பு எல்லாம் கடைசியில்.

உலோகமா, திசுவா என்பதை நான் சொல்ல முடியாது. நான் பல் செய்கிறவன், மூட்டு செய்கிறவன் இல்லை. பட்டறைக்கு வருகிற ஒரு வயதான பல் டாக்டரிடம் எழுதிக் கேட்டேன். இளம் எலும்பு, ஒரு பக்கம் மட்டும்தான் பழுது என்றால் சொந்தத் திசுவை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, பின்னால் உலோகத்துக்குக் கதவு திறந்தே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். திசு ஒட்டாமல் போனால் எப்போது தெரியும், எப்படித் தெரியும் என்று டாக்டரிடம் கேள். அத்தானை விட்டுக் கேட்கச் சொல்லாதே, அவர் எண்ணெயில் இருந்து கிரீஸுக்குப் போய்விடுவார்.

ஆனால் 'ஒன்றுமே வேண்டாமா' என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்கு மட்டும் நான் பதில் சொல்வேன். நீ யோசிப்பது உனக்காக இல்லை. முகம் மாறிவிட்டால் இவனுக்குப் பேச்சு புரியாதே என்று யோசிக்கிறாய். நீ எழுதவில்லை, எழுதாததைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். அக்கா, உன் வாய் எனக்குப் பாடப்புத்தகம் இல்லை. நீ கடித்துச் சாப்பிட வேண்டும். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். தாடையைப் பிடித்துக்கொள்ளாமல் ஒரு கொட்டாவி விட வேண்டும். என் ஒருவனுக்காக உன் வலியைக் காவல் காக்காதே. புது முகம் வந்தால் அதையும் படிப்பேன். படிக்க வராவிட்டால் எழுதிக் காட்டு, உன் கையெழுத்து நன்றாகத்தானே இருக்கிறது?

அறுவைக்கு நான் வருகிறேன். தேதியை எழுது.

சாப்பிட்டாயா? தகடு உறுத்துகிறதா? அத்தான் சுகமா?
தம்பி

மே 17

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார் உன் அத்தான். என்னால் படிக்க முடியவில்லை, வாய் வலியால் இல்லை. அவரே வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

திசுதான் என்று முடிவு செய்தாயிற்று. விலாவில் சின்னதாகக் கீறி எடுத்துவிட்டார்கள். சிரித்தால்தான் அங்கே வலிக்கிறது, வாய் வலியும் சேர்ந்ததால் நான் இப்போது ரொம்ப கம்பீரமான பெண்மணி. ஆய்வுக்கூடத்தில் அது வளர்கிறது. பார்க்க விடுவார்களா என்று கேட்டேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து காட்டினார்கள். தட்டில், ரோஜா நிறத் தண்ணீரில், ஊறின காகிதத் துண்டு மாதிரி ஒன்று. அங்கே வேலை பார்க்கிற பெண், "நல்லா வருதுக்கா," என்றாள், நாற்று நட்டவள் மாதிரி. அது நானா, என்னுடையதா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் உன் அத்தான், "உன்னோட சேர்ந்து இப்ப ரெண்டு பேருக்குப் பதில் சொல்லணும் போல," என்றார்.

அடுத்த மாத நடுவில் அறுவை. நீ அப்போது வராதே. முகம் வீங்கி, வாய் கட்டுப்பட்டுக் கிடப்பவளைப் பார்த்து நீ என்ன செய்யப் போகிறாய்? நான் பேசும்போது வா. இதை மட்டும் அக்காவுக்காகக் கேள்.

அக்கா

ஜூன் 19

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் நின்றுபோன விவரம்தான் எழுதுவேன். அந்த மாதிரியே எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

அறுவை முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. கிழிந்ததை எடுத்து, எலும்பைச் சீராக்கி, வளர்த்த திசுவை வைத்துத் தைத்ததாக டாக்டரம்மா சொன்னார்கள். அவர்கள் வெளியே வரும்வரை நான் ஆஸ்பத்திரி லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன். அதன் கதவு சரியாக மூடவில்லை. சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் அக்கா முழித்ததும் முதலில் எழுத்துப் பலகையைச் சைகையில் கேட்டு வாங்கி எழுதியது, 'தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?'. இரண்டாவது எழுதியது, 'பசிக்குது'. இரண்டாவதைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது.

ஒன்று எழுதக் கூடாது என்று கட்டளை. எழுதுகிறேன். வலது புருவம் ஏறவில்லை. அந்தப் பக்கம் நெற்றியும் அசையவில்லை. நரம்பு களைத்திருக்கிறது, சில மாதத்தில் வரும், வராமலும் போகலாம் என்கிறார்கள். உங்கள் அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். பலகையைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நீங்கள் வரும்போது தெரியாத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

உடம்பைப் பேணவும்.
அத்தான்

ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

நான் தேறி வருகிறேன். எல்லோரும் சுகம். உன் மேலாளர் மீசையைக் குறைத்தாரா?

ஐஸ்கிரீம் குச்சி மாதிரியான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து வாயைத் திறக்கப் பயிற்சி. கொஞ்சம் பழகியதும் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். உன் அத்தான் எதிரே உட்கார்ந்து, எனக்குத் துணையாகத் தானும் வாயைத் திறந்துகொண்டிருக்கிறார். நேற்று பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்தவர், இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே போய்விட்டார்.

நேற்று ஒரு வாழைப்பழத்தைக் கடித்துச் சாப்பிட்டேன். பிசையாமல். இதை யாரிடம் சொன்னாலும் புரியாது, உனக்குப் புரியும். அந்த 'டக்' சத்தம் இல்லை. படத்தில் திசு இடத்திலேயே இருக்கிறது, இதுவரை நல்லது என்கிறார் டாக்டர். இதுவரை என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

இப்போது வா.

அக்கா

செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

நேற்று மாலை இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு குறையும் இல்லை. நீ கட்டிக் கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம்.

அங்கே இருந்தபோது சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் நீ பேசியது எனக்குப் புரியவில்லை. நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாய், நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். வாய் நன்றாகத் திறக்கிறது, அழகாகத் திறக்கிறது. ஆனால் அது வேறு வாய். முன்பு நீ பேசும்போது தாடை கொஞ்சம் ஒரு பக்கமாக இழுக்கும். நோய் அப்போதே இருந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. நான் அந்தக் கோணலோடுதான் எழுத்துகளைப் படித்திருக்கிறேன். இப்போது நேராக வருகிறது, எனக்குத்தான் கோணலாகத் தெரிகிறது. புருவமும் ஏறாததால் எது கேள்வி, எது சேதி என்று பிடிபடவில்லை. குடிக்கச் சூடாக வேண்டுமா, ஜில்லென்று வேண்டுமா என்று நீ கேட்டதற்கு நான் 'ஆமாம்' என்றேன். நீ இரண்டையும் கொண்டுவந்து வைத்தாய். நான் இரண்டையும் குடித்தேன். அன்று குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்குமோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் காலை நீயும் அத்தானும் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. கையில் ஒரு சட்டையை உதறிக்கொண்டே, எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசாமல், உன் வேகத்தில் அத்தானிடம் சொன்னாய்:

"அவனுக்கு நான் பேசுறது ஒண்ணும் புரியலைங்க. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுறான். நீங்க எதுவும் கேட்டுடாதீங்க. முகம் வாடிடும்."

ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை அக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது கேட்கிற ஒருவன் நின்றிருந்தால் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

எனக்குப் புரிய வேண்டும் என்று நீ பாடுபட்டுப் பேசியபோதுதான் புரியாமல் போயிருக்கிறது. அதற்குப் பிறகு நீ யாரிடமாவது பேசும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றேன். பால்காரரிடம் பேரம் பேசியது, போனில் யாரையோ திட்டியது, தனியாக முணுமுணுத்தது எல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டன. கடைசி இரண்டு நாள் நான் ஆட்டியது உண்மையான தலையாட்டல். உனக்கும் தெரிந்திருக்கும், நீயும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். குச்சிப் பயிற்சியை விட்டுவிடாதே.
தம்பி

செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். அருங்காட்சியகத்தில் மறுபடி திமிங்கலத்திடமே அனுப்பிவிட்டார்கள், இப்போதைக்குக் காலை வேளை மட்டும். புருவம் இன்னும் அப்படியேதான். கேள்வி கேட்கும்போது தலையைச் சாய்த்துக்கொள்ளப் பழகுகிறேன், அடுத்த முறை கவனி.

உன் கடிதத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று உனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அடுத்தவர் பேசுவதை ஒட்டுக் கேட்கக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அது உனக்குத் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லையடா.

இனிமேல் நீ வீட்டில் இருக்கும்போது நாங்கள் ரகசியம் பேசுவதானால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேச வேண்டும் என்கிறார் உன் அத்தான். அதெல்லாம் என்னால் முடியாது, நான் அவன் பக்கம் திரும்பித்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை எடு.

உன் அக்கா